பிறக்காத அண்ணன்

மருதமுத்து தாய் வயிற்றிலிருந்து பிறந்தது ஒரு வருடம். தோட்டத்துக் கணக்கில் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. தெமோதரைக்கு மேலே, ரயில் பாதை தெரிகிற மாதிரி இருந்த அந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். அவனுடைய அப்பா முருகையாவே தீபாவளிக்குக் கொஞ்சம் உள்ளே போனதும் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவார். கேட்டவர்களே மறுபடி கேட்டு மறுபடி சிரிப்பார்கள்.

கதை இதுதான். தோட்டத்தில் பையன்களுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் பேர் பதிவார்கள். பதிந்துவிட்டால் மறுநாள் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் மற்ற ஆட்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை கை காட்டுகிற மலைக்கு வேலைக்குப் போக வேண்டும். படிப்பு அத்தோடு சரி. மருதமுத்துவோ படிப்பில் கெட்டி. இவனைப் பதுளை டவுனில் சேர்த்துவிடுங்கள் என்று தோட்டத்து வாத்தியார் முருகையாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளை அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"முருகையா, ஒன் மகனுக்குப் பன்னெண்டு ஆயிருச்சில்ல? நாளைக்குப் பேர் பதியணும்."

"அவனுக்குப் பத்துதாங்க நடக்குது."

"யாருகிட்ட கதை விடுற? ஒனக்கு ஆம்பளப் புள்ள பொறந்து பன்னெண்டு வருசமாச்சுன்னு புஸ்தகத்துல இருக்கு."

தோட்டத்துப் பிறப்புப் புத்தகத்தில் அந்தக் காலத்தில் பெயர் எழுதுகிற வழக்கமில்லை. முருகையா, வேலாயி, ஆண் பிள்ளை, அவ்வளவுதான். அந்த நொடியில் முருகையாவுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ, அவர் வணங்கிய மாடசாமிக்குத்தான் வெளிச்சம்.

"அது மூத்தவனுங்க. காய்ச்சல்ல செத்துப் போயிட்டான். இவன் அடுத்தவன். இவன் பொறந்தப்ப எழுதாம விட்டுட்டாங்க."

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த வேலாயிக்கு விஷயம் விளங்கிவிட்டது. புருஷன் பொய்யில் தடுமாறுவதற்குள் மாவுக் கையோடு மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "தேயிலைத் தூருக்குள்ள தேடித் தேடிப் பாத்தேனே, எங்கண்ணு போன தெச எனக்கொருத்தர் சொல்லலியே" என்று எடுத்தாள் பாருங்கள் ஒப்பாரி! பக்கத்துக் காம்பராப் பெண்கள் ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்து அழுதார்கள். கணக்கப்பிள்ளை பயந்தே போனார். "அழாத தாயி, அழாத" என்று சொல்லிவிட்டுப் போய், புத்தகத்தில் மூத்தவனைச் செத்தவன் என்றும் மருதமுத்துவைப் பத்து வயதுக்காரன் என்றும் எழுதிவிட்டார். பையனும் சோனி, பார்த்தால் எட்டு என்றுகூட நம்பலாம்.

இப்படியாகப் பிறக்காத ஓர் அண்ணன் செத்து, மருதமுத்து பதுளைக்குப் படிக்கப் போனான்.

டவுனில் முதல் நாளே பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அடி வாங்கினான். பஜார் முழுவதும் கடைக்குக் கடை பலகை; சவர்க்காரம், சோடா, சைக்கிள், பல்லுக்குப் பொடி, தலைக்கு எண்ணெய். தமிழும் சிங்களமும் இங்கிலீஷும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. லயத்தில் எழுத்து என்று பார்த்தால் மாவு மூட்டையில் அச்சடித்ததுதான். இத்தனை எழுத்தை ஒரே தெருவில் கண்டதும் அவனுக்குக் கால் நகரவில்லை. பெரியவனான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தெருவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பான், யார்மீதாவது முட்டிக்கொள்வான். பஜார்க்காரர்கள் அவனுக்கு 'அண்ணாந்தான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் அரசாங்க வேலைக்கு அவனைப் போன்றவர்களுக்கு வழியில்லை. எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத தோட்டத்து ஆள் எழுதிப் போடும் விண்ணப்பம் அடுப்பெரிக்கக்கூட உதவாது. ஹாஷிம் என்ற நில அளவையாளர் பஜாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் கந்தோர் வைத்திருந்தார். படம் வரைய ஆள் வேண்டும் என்று அவர் இவனைச் சேர்த்துக்கொண்டார். கடைகளுக்கும் வீடுகளுக்கும் பிளான் கீறிக் கீறி, ஒரு கட்டத்தில் தனி வீடு அவனுக்கு அலுத்துப்போய், முழு ஊரையும் எப்படிக் கட்டுவது என்பதில் புத்தி போயிற்று. நகரத் திட்டமிடல் படிப்பை லண்டனிலிருந்து தபாலிலேயே படிக்கலாம் என்று ஹாஷிம்தான் சொன்னார். ஏழு வருடம் எடுத்தது. இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாம் தடவை பாஸானான்.

எழுபத்தொன்பதில் அந்த லண்டன் சங்கம் ஒரு பயண உபகாரச் சம்பளம் அறிவித்தது. இளம் நகரத் திட்டக்காரர்களுக்கு, முப்பது வயது நிரம்பாதவர்களுக்கு. தெருவோர விளம்பரப் பலகைகளைப் பற்றி ஆராய வேண்டும். தேர்வானவர் பினாங்கு, சிங்கப்பூர், லண்டன் என்று போய், அங்கெல்லாம் பலகைகளுக்கு என்ன சட்டம், எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று பார்த்துவிட்டு, தன் ஊருக்குத் திரும்பி வந்து அந்த ஊருக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். திரும்பி வர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லியிருந்தார்கள்.

"தம்பி, இது ஒனக்குத்தான் போட்டிருக்காங்க" என்றார் ஹாஷிம். "அண்ணாந்து பாக்கிறதுக்கு லண்டன்லேருந்து காசு தாறான். வேற யாரு ஈக்கி இந்த ஊர்ல?"

மருதமுத்து பதுளை பஜாரை அங்குலம் விடாமல் வரைந்தான். அவனுடைய ஆராய்ச்சியில் முக்கியமான இடம் ரயில் நிலையத்துக்கு எதிரே நின்ற பெரிய பலகை. ஒரு தேயிலைக் கம்பெனியின் விளம்பரம். கூடையைச் சுமந்தபடி ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கொழுந்து பறிப்பாள். கோச்சியை விட்டு இறங்குகிறவர்களுக்கு நமுணுகுல மலை தெரிய வேண்டிய இடத்தில் இவள்தான் தெரிவாள். பலகையோடு ஒரு படமும், பலகை இல்லாமல் மலையோடு ஒரு படமும் வரைந்து, இந்தப் பலகையை ஐம்பது அடி தள்ளி வைத்தால் ஊருக்கு மலை திரும்பக் கிடைக்கும் என்று எழுதினான்.

டவுனுக்கு வந்த வேலாயிக்கு அந்தப் படங்களைக் காட்டினான். "இவ எந்தத் தோட்டத்துக்காரிடா?" என்று கேட்டாள் வேலாயி. "இப்பிடிச் சிரிச்சுக்கிட்டு நின்னா கங்காணி வாயிலேயே போட மாட்டானா?"

விண்ணப்பத்தில் வயது என்ற இடத்தில் இருபத்தெட்டு என்று எழுதினான். கையிலிருந்த ஒரே சான்று தோட்டத்துச் சான்று; அது அப்படித்தான் சொன்னது. உள்ளபடி முப்பது நிரம்பியிருந்தது. அப்பன் சொன்ன பொய் இப்போதும் கைகொடுக்கிறதே என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டான்.

உபகாரச் சம்பளம் அவனுக்கே கிடைத்தது. ஹாஷிம் மஸ்கட் இனிப்பு வாங்கிப் பஜார் முழுவதும் கொடுத்தார். 'அண்ணாந்தான் லண்டன் போறான்' என்று சைக்கிள் கடையிலிருந்து மீன் கடை வரை பேச்சு. முருகையா லயத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அந்தப் பழைய கதையை இரண்டு தடவை சொன்னார். வேலாயியும் கேட்டுக்கொண்டதற்காக ஒப்பாரியை ஒரு தடவை வைத்துக் காட்டினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிரஜாவுரிமை இல்லாவிட்டாலும் பிறந்த நாடு ஒரு பயணத்துக்குக் காகிதம் தரும் என்று நம்பிப் பாஸ்போர்ட்டுக்காகக் கொழும்புக்குப் போனான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இவனுடைய விவரங்களைக் கொண்டுபோய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார். நீங்கள் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த குடும்பம், உங்களை இந்தியப் பிரஜையாக ஏற்றாயிற்று, இலங்கைப் பாஸ்போர்ட் உங்களுக்கு இல்லை. மருதமுத்து ஆள் மாறிப்போயிருக்கும் என்று நினைத்து, அப்பா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இன்னொரு தடவை சொன்னான். ஆள் மாறவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்பு நடந்தது அது. எந்த நாட்டுப் பிரஜாவுரிமை வேண்டும், இந்தியாவா இலங்கையா என்று லயத்தில் எல்லோரும் எழுதிக் கொடுத்த காலம். இங்கே இருந்தால் என்றைக்காவது அடித்து விரட்டுவார்கள், நாமே போய்விடலாம் என்று பேச்சு. முருகையாவும் இந்தியாவுக்கென்று கைநாட்டு வைத்தார். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளைத் தகப்பனோடு சேர்த்து எழுதினார்கள். மருதமுத்துவுக்கு உண்மையில் அப்போது பத்தொன்பது, தனி ஆளாக இலங்கைக்கே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் புத்தகத்தில் பதினேழு. எல்லாரும் ஒண்ணா இருக்கட்டுமே என்று முருகையாவும் விட்டுவிட்டார். பிறகு வருடக்கணக்காக ஒரு சத்தமும் இல்லை, அப்படி ஒன்று எழுதிக் கொடுத்ததே மறந்துபோயிற்று.

கொழும்பிலிருந்து திரும்பி வந்து மகன் இதைச் சொன்னான். முருகையா எழுந்து சட்டையைப் போட்டார்.

"வா, போவோம். நான் சொன்னது பொய்யின்னு நானே சொல்றேன். யாரு சொன்னா நம்புவாங்களோ இல்லியோ, பெத்தவன் சொன்னா நம்பித்தானே ஆகணும்?"

பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், இந்த விவகாரங்களைப் பார்த்த எழுதுவினைஞர் புவாத். பொறுமைசாலி. முருகையா சொன்ன கதையை முழுவதும் கேட்டார். லயத்தில் எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்திலிருந்து வந்திருந்த பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்.

"பெரியவர், நீங்க செல்ற வயசில ஒங்களுக்கு ஒரு மகன் இருந்தது உண்மதான். ஆனா அவர் மவுத்து. இங்க ஈக்கிது, காய்ச்சல்ல மவுத்து எண்டு."

"நான்தாங்க அந்தப் புள்ள" என்றான் மருதமுத்து.

"எனக்கு வெளங்குது தம்பி. புத்தகத்துக்கு வெளங்காதே."

"என்னைய ஜெயில்ல போடுங்க சாமி" என்றார் முருகையா. "பொய் சொன்னது நான். இவன் என்ன செஞ்சான்?" மேசைக்குக் கீழே குனிந்து காலைத் தொடப் போனவரைப் புவாத் அவசரமாகப் பிடித்து நிறுத்தினார். பியோனைக் கூப்பிட்டுப் பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். பாவம், அவரால் கொடுக்க முடிந்தது அதுதான்.

பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னார். விசாரணை கேட்கலாம். மோசடி செய்தேன் என்று தகப்பன் எழுதிக் கொடுக்க வேண்டும். அது முடிகிற வரைக்கும் மொத்தக் குடும்பத்தின் பயணமும் நிற்கும். எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. வென்றாலும் மருதமுத்து எந்த நாட்டுக்காரனும் ஆகமாட்டான், இலங்கைக்கு எழுதிக் கொடுக்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்த ஊரில் இருக்கலாம், அவ்வளவுதான். லண்டனா? முப்பது என்று நிரூபித்துவிட்டால் லண்டன்காரன் கேட்ட வயது தாண்டிவிடுகிறது.

"இந்தியாப் பாஸ்போர்ட் வந்தப் பொறகு அங்கேருந்து லண்டன் போக ஏலாதா?" என்று கேட்டார் கூடவே வந்திருந்த ஹாஷிம்.

"போகலாம் சேர். ஆனா திரும்பி இங்க வர ஏலாது."

திரும்பி வராதவனுக்குக் காசு இல்லை என்பதுதான் லண்டன்காரனின் நிபந்தனையே. ஹாஷிம் தனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் எல்லாம் விளக்கி எழுதிப் பார்த்தார். மிகவும் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. பதுளைப் படங்கள் மிகச் சிறப்பாக இருந்தன என்றும் ஒரு வரி. உபகாரச் சம்பளம் வேறு நாட்டுக்காரர் ஒருவருக்குப் போயிற்று.

மருதமுத்துவுக்கு அப்பனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த மனுஷன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்றிருப்பேன், ஆனால் இது என் ஊராக இருந்திருக்கும் என்று நினைப்பான். மறு நிமிடமே, அந்தப் பொய் இல்லாவிட்டால் இப்படி நினைக்கிற புத்தியே எனக்கு ஏது என்று தோன்றும். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தலைக்குள் கிடந்தன. சாப்பிட உட்கார்ந்தால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அந்தத் தீபாவளிக்கு முருகையா குடிக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரன் பழைய ஞாபகத்தில் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டார்.

விசாரணை கேட்கத்தான் போகிறேன் என்று ஒரு நாள் மருதமுத்து முடிவு கட்டினான். லண்டன் போனால் போகட்டும். இந்தப் பஜார் வேண்டும், இந்த மேல்மாடிக் கந்தோர் வேண்டும். அதைச் சொல்லலாம் என்று சனிக்கிழமை லயத்துக்குப் போனான். வேலாயி விளக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை பாக்கியலெட்சுமியைக் கட்டிக்கொடுத்த இடமும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த குடும்பம்தான். அவள் போன வருடமே புருஷனோடு கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய்விட்டாள். இப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

"தாயில்லாம பெத்திருக்கா. ஒத்தாசைக்கு நாதியில்ல" என்றாள் வேலாயி. "எப்படா போவோம்னு இருக்குடா எனக்கு."

மருதமுத்து சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மறுநாள் பதுளைக்குத் திரும்பி வந்து, பாதியில் கிடந்த ஒரு கடைப் பிளானைக் கீறி முடித்தான்.

அடுத்த வருடம் இந்தியப் பாஸ்போர்ட்டுகள் வந்தன. பதுளை ஸ்டேசனில் இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கென்று பெட்டிகளை ஒதுக்கியிருந்தார்கள். கோச்சி கிளம்புகிற நாட்களில் அந்த ஸ்டேசன் சாவு வீடாகிவிடும். ஒரே லயத்தில் பிறந்த அக்கா போவாள், தங்கை நிற்பாள். போறேன் என்று சொல்ல வாய் வராமல் எல்லோரும் வழக்கப்படி போயிட்டு வாறோம் என்றே சொன்னார்கள். எதிரே, மலையை மறைத்துக்கொண்டு அந்தத் தேயிலைக்காரி புதுப் பெயின்டில் சிரித்தாள். நகரசபையில் மருதமுத்துவின் திட்டத்தை நல்ல திட்டம் என்றுதான் சொன்னார்களாம், இன்னும் எடுத்துப் பார்க்க நேரமில்லை.

ஹாஷிம் ஒரு வரைபேனாப் பெட்டியைக் கையில் திணித்தார். "எங்க போனாலும் பலகை ஈக்கும் தம்பி" என்றார். லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். போயிட்டு வாறேன் சேர் என்று மருதமுத்து சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது.

தலைமன்னார்த் துறையில் வெயில் கொளுத்தியது. மலையில் இருந்தவர்களுக்கு அந்த வெயிலே ஒரு புது நாடு மாதிரி இருந்தது. கப்பலுக்குப் போகும் வரிசை மேசை மேசையாக நகர்ந்தது. கடைசி மேசையில் சிங்கள அதிகாரி ஒருவரும் பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்கிற ஒருவரும் இருந்தார்கள். வேலாயி மூட்டைக்கு மேலே அந்தச் சின்னச் சட்டையை மடித்து வைத்துப் பிடித்திருந்தாள்.

"முருகையா. மனைவி வேலாயி. மகன் மருதமுத்து, வயது இருபத்தொன்பது. சரிதானே?"

முருகையா திடீரென்று மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சரியில்லைங்க. இவன் என் மூத்த மகன். இவனுக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. நான்தான் பொய் சொல்லி எழுதிட்டேன். நாங்க ரெண்டு பேரும் போயிடுறோம், இவனை மட்டும் இங்கேயே விட்டுடுங்க சாமி."

தமிழ்க்காரர் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"அப்பிடின்னா மூணு பேரும் இப்பிடித் தள்ளி நில்லுங்க" என்றார் தமிழ்க்காரர். "விசாரணை முடியாம ஒருத்தரும் கப்பல் ஏற முடியாது."

முருகையா இதை எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போகக் காம்பராவும் இல்லை. அதில் வேறு ஆட்கள் குடிவந்தாயிற்று. வேலாயி புருஷனையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. கப்பலைப் பார்த்தாள். சின்னச் சட்டையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

மருதமுத்து அப்பனின் கையை மேசையிலிருந்து மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். ஒரு வருடமாக அவரை அவன் தொட்டதில்லை.

"அப்பாவுக்கு வயசாயிருச்சுங்க. ஞாபகம் தடுமாறுது" என்றான். "எனக்கு இருபத்தொம்பதுதான்."

"மூத்த மகன்னு சொல்றாரே?"

"எனக்கு மூத்தவர் ஒருத்தர் இருந்தாருங்க. சின்ன வயசுலயே காய்ச்சல்ல செத்துப் போயிட்டாரு."

தமிழ்க்காரர் அதைச் சொன்னதும் அதிகாரியின் முகம் இளகியது. பாவம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்திக் காகிதங்களை நீட்டினார். வேலாயி மேசையைத் தாண்டி நாலு எட்டு வைத்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, "தேயிலைத் தூருக்குள்ள தேடித் தேடிப் பாத்தேனே" என்று எடுத்தாள். முருகையா அவளுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வரிசையில் பின்னால் வந்த பெண்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்து அழுதார்கள்.